வரம்பு வகுப்பதும் அதிகாரம் வகுப்பதும்: தமிழ் இணையப்பெயர்களை முன்வைத்து

இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப்-இல் ஒவ்வொரு பணிக்குழுவும் எழுதப்பட்ட பணிவரையறைக்குள் இயங்க வேண்டும் என்பது விதி (ஆர்எஃப்சி 2418, 1998). வரம்பைச் சுருக்கினால்தான் வேலை முடியும் என்பது அதன் நியாயம். ஆனால் வரம்புக்கு வெளியே தள்ளிய சிக்கல் தீர்ந்துபோவதில்லை. அது யார் தலையில் விழும் என்பதையும் அந்த வரையறையே சொல்லாமல் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே வரம்பு பற்றிய பூசல்கள் பெரும்பாலும் அதிகாரம் பற்றியவையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

எடுத்துக்காட்டாக, தருமபுரியிலுள்ள நூலகம் ஒன்று ஔவையின் பெயரில் தமிழ் முகவரி பெற விரும்புவதாகக் கொள்வோம். முதலெழுத்தை ஔ (யூனிகோடு குறியெண் 0B94) என ஒரே குறியாக உள்ளிடலாம். ஒ (0B92), ள (0BB3) என இரண்டாகவும் உள்ளிடலாம். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு இவை இரு பெயர்கள். நூலகம் ஒன்றைப் பதிந்தால், வேறொருவர் மற்றதைப் பதிந்து அதன் பெயரில் உலவலாம்.

எழுத்துக் குறியாக்கத் தரமான யூனிகோடின் இயல்பாக்க விதி, ஒ-வுடன் ஔகார நீட்டல் குறி (0BD7) சேர்ந்தால் அதை ஔ என்றே கொள்ளும். ள தனி மெய். எனவே விதி அதைத் தொடாது. பன்மொழி இணையப்பெயர்களுக்காக ஐஇடிஎஃப் வகுத்து 2010-இல் வந்த ஐடிஎன்ஏ தரமோ செல்லத்தக்க குறிகளை யூனிகோடு பண்புகளிலிருந்தே கணக்கிடுகிறது. தோற்ற ஒற்றுமையால் வரும் குழப்பத்தை இணையப்பெயர்ப் பதிவகங்களிடம் விட்டுவிடுகிறது. யூனிகோடு, ஐஇடிஎஃப், பதிவகம் ஆகிய மூவரும் தத்தம் வரம்பில் சரியாகவே நடக்கிறார்கள். நூலகத்தின் சிக்கல் மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்த ஏற்பாடு வெளிப்படையாக முட்டிக்கொண்டது 2014-இன் யூனிகோடு 7.0-இல். அதில் சேர்ந்த ஓர் அரபு எழுத்தை, முன்பே இருந்த இரு குறிகளைச் சேர்த்தும் எழுத முடிந்தது. ஆனால் இரண்டும் நிகரெனக் கொள்ளப்படவில்லை. மொழிவழக்கில் அது தனியெழுத்து என்றது யூனிகோடு தரப்பு. முகவரிக்கு மொழி ஏது என்றது ஐஇடிஎஃப் தரப்பு. 2015-இல் இணையக் கட்டமைப்பு வாரியம் இதுபற்றி எச்சரிக்கை அறிக்கையே வெளியிட நேர்ந்தது.

அரசு தலையிட்டால் தீராதா? தமிழக அனுபவம் இரண்டு விடை தருகிறது. கிரந்த எழுத்துகளோடு எ, ஒ, ழ, ற, ன ஆகியவற்றையும் யூனிகோடின் கிரந்தப் பகுதியில் சேர்க்கும் முன்மொழிவை 2010-இல் மாநில அரசு எதிர்த்தது. 7.0-இல் கிரந்தம் வந்தபோது அந்த ஐந்தும் அதில் இல்லை. அதே 2010-இல் யூனிகோடுடன் டேஸ்16 குறியாக்கத்தையும் அரசாணை தரமாக்கியது. டேஸ்16 யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதிக் குறிகளை ஐடிஎன்ஏ ஏற்பதில்லை. அரசாணை அலுவலகக் கோப்புக்குச் செல்லும், முகவரிக்குச் செல்லாது. முடிவெடுக்கும் அவையில் வைத்த ஆட்சேபம் பலித்தது. அதற்கு வெளியே பிறந்த ஆணை பலிக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரே குழுவின் வரம்பில் கொண்டுவந்தால் எந்தத் தரமும் முடியாது என்ற மறுப்பு சரியே. அதனால் வரம்பை விரிக்கச் சொல்லவில்லை. ஒதுக்கும் ஒவ்வொரு சிக்கலையும் ஏற்பவர் யார், அதற்கு அவர் இசைந்தாரா, தீர்க்கும் வசதி அவரிடம் உண்டா என்ற மூன்றையும் பணிவரையறை பதிய வேண்டும். இம்மூன்றுக்கும் விடையில்லாத வரையறையை ஒப்புதலுக்கு ஏற்கக் கூடாது.