தாத்தா வீட்டைப் புதுப்பிக்கப் போறீங்களா? ஏசிக்கு முன்னாடி மாடியைப் பாருங்க!

கமுதி தாலுகா, அபிராமம். சித்திரை மதியத்தில் மொட்டை மாடியில் கால் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சூடுதான் ராத்திரி 10 மணிக்கு உங்க பெட்ரூமுக்குள் இறங்குது.

பழைய வீட்டைப் புதுப்பிக்க உட்கார்ந்தால், பலரும் முதலில் காசு ஒதுக்குவது ஏசிக்குத்தான். கணக்கைப் பாருங்க. மணிக்கு 1 யூனிட் என்று குறைவாக வைத்தாலே, தினமும் 8 மணி நேரத்துக்கு 60 நாளில் 480 யூனிட். ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார் சேர்ந்தால் 500 தாண்டிடும். 2022 கட்டண மாற்றத்தின்படி, 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் சேர்த்தே ரேட் ஏறும்.

அதனால் முதல் செலவு மாடிக்கு. விரிசலை அடைத்துவிட்டு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கலாம். பட்ஜெட் இல்லையா? சுண்ணாம்பு போதும். மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்கணும், அவ்வளவுதான்.

அடுத்து முற்றம். தூசி வருது, காக்கா வருதுன்னு பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிடாதீங்க. வீட்டுக்குள் சேரும் சூடான காற்று வெளியேறும் வழியே அதுதான். கூரை போட்டே ஆகணும்னா, 2 அடி உயர்த்திப் போட்டு, பக்கங்களில் வலை அடிங்க.

சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமென்ட் பூச்சும் வேண்டாம். ஈரம் வெளியே போக முடியாமல், உப்பு பூத்து உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம்தான், ஆனாலும் தேடுங்க.

கூடுதல் ரூம் கட்டுறீங்களா? மேற்கு வெயில் பாத்ரூமிலும் மாடிப்படியிலும் விழட்டும், பெட்ரூமில் வேண்டாம். சுவருக்கு, லாரி பேக்கர் கேரளாவில் பிரபலமாக்கிய 'எலிப்பொறிக் கட்டு' நல்ல வழி. செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விடுவார்கள். செங்கல் கால்வாசி மிச்சம், சூடும் உள்ளே வரத் திணறும்.

பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேனுக்கு 30 போதும். 4 ஃபேன் தினமும் 15 மணி நேரம் ஓடினால், 2 மாதத்தில் 162 யூனிட் மிச்சம்!

கடைசியாகத்தான் சோலார். கமுதி பக்கம் 2016-லேயே 648 மெகாவாட் சோலார் பிளான்ட் வந்தாச்சு, நம்ம ஊர் வெயிலுக்கு வேற சர்டிஃபிகேட் வேணுமா? 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஆனா உங்களுடையது மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு ஆசாரியைக் கூப்பிடுங்க. சுவருக்குள் சொருகியிருக்கும் கட்டை முனைகளைத்தான் கரையான் முதலில் பதம் பார்க்கும்.