வாழைக்குப் பின்னாடி நெல்லு ஏன்?

திருவானைக்காவலத் தாண்டி கல்லணை ரோட்டுல கிழக்கே வந்தீங்கன்னா ரெண்டு பக்கமும் வாழைதான். நடுநடுவுல மட்டும் பச்சையா ஒரு துண்டு நெல்லு நிக்கும். சென்னை, பெங்களூர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க இதப் பாத்துட்டுத் தவறாம கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு. "வாழையில வர்ற காசுல பாதிகூட நெல்லுல வராதுங்கறீங்க. அப்பறம் எதுக்கு நெல்லப் போட்டு, களை பறிச்சு, அறுப்புக்கு மெஷின் தேடி அல்லாடுறீங்க?"

சுருக்கமா பதில் சொல்றதுன்னா, வாழைய நோயில்லாம வெச்சிருக்கத்தான் நெல்லு. ஏன் அப்படின்னு சொல்ல வேணும்னா ஆத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்.

முக்கொம்புல காவிரி ரெண்டாப் பிரியுது. வடக்கால போறது கொள்ளிடம், தெக்கால போறது காவிரி. கிழக்கே கல்லணைகிட்ட ரெண்டும் மறுபடி நெருங்கி வருது. நடுவுல ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்குக் கெடக்குற திட்டுதான் ஸ்ரீரங்கம். கோயிலும் நாங்களும் எங்க வாழையும் அதுக்கு மேலதான். கொள்ளிடம் பள்ளத்துல, நேரா ஓடுற ஆறு. காவிரியோட வாயில மணல் சேந்துக்கிட்டே இருக்கும். அப்படியே விட்டா தண்ணி தானாக் கொள்ளிடத்துலதான் இறங்கும், கடலுக்குத்தான் போகும். பாசனம் முழுக்கக் காவிரியை நம்பி. அதனால அந்தக் காலத்துல மணலையும் மரத்தையும் தழையையும் வெச்சு ஆத்துக்குள்ள கொறம்பு கட்டி, தண்ணியக் காவிரிப் பக்கம் திருப்பி விடுவாங்க. வெள்ளம் வந்தா கொறம்பு போயிடும். மறுபடி கட்டணும்.

1800-கள் ஆரம்பத்துல இந்த மணல் தொல்லை முத்திப்போயி, தஞ்சாவூர்ப் பக்கம் சாகுபடி நிலம் குறைய ஆரம்பிச்சுது. நிலவரி குறைஞ்சா கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? ஆர்தர் காட்டன்ங்கற எஞ்சினியர் 1836-லேர்ந்து 1838-க்குள்ள முக்கொம்புல கொள்ளிடத்துக்குக் குறுக்க ஒரு கல் அணையக் கட்டினார். மேலணைன்னு சொல்றது அதுதான். ஆழம் தெரியாத மணல் மேல எப்படி அஸ்திவாரம் போடுறதுன்னு கல்லணையப் பாத்துத்தான் கத்துக்கிட்டோம்னு பின்னாடி அவரே ஒத்துக்கிட்டார். கரிகாலன் பேரச் சொல்ற அந்த அணைக்கு இதவிடப் பெரிய சான்றிதழ் வேணாம்.

அதுக்கப்பறம் நடந்ததப் பத்தி யாரும் அதிகம் பேசுறதில்ல. அணை கட்டினதும் காவிரிக்குள்ள தண்ணி ஓவரா வர ஆரம்பிச்சுது. ஆத்தோட அடி அரிக்க ஆரம்பிச்சு, கரைகளுக்கு ஆபத்து வந்துடுச்சு. 1840-கள்லயே கொள்ளிடத்து அணையோட நடுப்பகுதிய உயரம் குறைச்சாங்க. காவிரி வாயில அடிமட்டத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் போட்டாங்க. 1887-லேர்ந்து 1889-க்குள்ள கல்லணைகிட்ட காவிரிக்கும் வெண்ணாத்துக்கும் மதகு வெச்ச ரெகுலேட்டர்கள் வந்துச்சு. அதாவது ஒரு இடத்துல சரி பண்ணின ஆறு இன்னொரு இடத்துல கைய நீட்டி கூலி கேட்டுச்சு. காட்டன் மேல எனக்குக் குறையே இல்ல. எங்க தீவுல இன்னிக்கும் வாய்க்கால் ஓடுதுன்னா அந்த மனுஷனுக்கும் அதுல பங்கு உண்டு.

ஆனா ஒண்ணு. தண்ணி எந்தப் பக்கம் போகணும்ங்கறத மேலணை தீர்மானிச்சுதே தவிர, என்னிக்கு வரும்ங்கறதத் தீர்மானிக்கல. குடகுல மழை பேஞ்சு, புதுத்தண்ணி வந்து, ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துல கூட்டம் சேர்றப்பத்தான் ஊருக்கு நம்பிக்கை. தேதி வந்தது மேட்டூர் வந்தப்பறம். 1925-ல வேலை ஆரம்பிச்சு 1934-ல முடிஞ்ச அணை, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஜூன் 12-ல திறந்து ஜனவரி 28-ல மூடுறதுன்னு ஒரு வழக்கம் உண்டாச்சு. எங்க பக்கம் ஜூன் 12-ங்கறது பொங்கல், தீபாவளி மாதிரி ஒரு தேதி. நாத்தங்கால் எப்ப, உழவு எப்ப, பொண்ணுக்குக் கல்யாணம் எப்பன்னு எல்லாம் அத வெச்சு எண்ணினவங்க எங்க அப்பா தலைமுறை.

மேட்டூர் தேதியக் குடுத்துட்டு வண்டல எடுத்துக்கிச்சு. முன்னாடி வெள்ளத்தோட வயலுக்கு வந்த கலங்கல் தண்ணியில சத்து இருந்துச்சு. இப்ப அந்த வண்டல்ல பெரும்பங்கு அணைக்கு அடியிலயே படிஞ்சுடுது. எங்க தாத்தா தெளிஞ்ச தண்ணியப் பாத்தா முகஞ்சுளிப்பார். "இது குளிக்கத்தான் ஆகும்"பார். அந்தக் குறைய ஈடுகட்டத்தான் கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் ஆட்டுக்கிடையும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துலேர்ந்து கோடையில கீதாரிங்க ஆட்ட ஓட்டிக்கிட்டு வந்து அறுத்த வயல்ல ராத்திரி கிடை போடுவாங்க. இன்னிக்கும் வர்றாங்க, ஆனா குறைஞ்சுபோச்சு.

1960-ல தஞ்சாவூர் மாவட்டத்த மத்திய அரசோட பேக்கேஜ் திட்டத்துல சேத்தாங்க. விதை, உரம், கடன் எல்லாம் ஒரே கையில. அந்தப் பத்து வருஷத்துக்குள்ள ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து ஏடிடீ 27 வந்துச்சு. சுமார் 105 நாள்ல குறுவைய முடிச்சுடலாம். பக்கத்துல இருந்த நாங்களும் அந்த அலையில இறங்கினோம். உர மூட்டை வந்ததும் கொளுஞ்சிய யாரு தேடப் போறா? அத இப்ப உக்காந்து திட்டுறது சுலபம். அரிசிக்குக் க்யூவுல நின்ன காலம் அது. அந்த நெல்லு இல்லன்னா நிலைமை வேற மாதிரி போயிருக்கும். (நீங்க ருசிச்சுச் சாப்பிடுற பொன்னிகூட மலேசியாவுல உருவான மசூரியோட வழிதான். நாட்டு ரகம்னு நெனச்சுக்கிட்டிருக்குறவங்க கோவிச்சுக்க வேணாம்.)

இப்ப வாழைக்கு வர்றேன்.

இந்தத் தீவுல பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, ஏலக்கி எல்லாம் உண்டு. ஏக்கருக்கு ஏழடிக்கு ஏழடி வெச்சா சுமார் 900 கன்னு. தாரும் காசு, இலையும் காசு. காந்தி மார்க்கெட் பக்கத்துல இருக்குறதால வண்டிச் செலவும் கம்மி. வாழைக்குன்னே தேசிய ஆராய்ச்சி மையத்த 1993-ல திருச்சியில ஆரம்பிச்சாங்கன்னா, இந்த மண்ணுக்கும் வாழைக்கும் உள்ள ஒறவு அப்படி.

ஆனா ரஸ்தாளி வெச்சவன் கண்ணுல தூக்கம் இருக்காது. அதுக்குக் காரணம் வாடல் நோய், பனாமா வாடல்னு சொல்றது. அடியிலை மொதல்ல மஞ்சளாகும், அப்பறம் காம்பு ஒடிஞ்சு தண்டச் சுத்திப் பாவாடை மாதிரி தொங்கும். தண்டு அடியில நீளவாக்குல வெடிக்கும். கிழங்க வெட்டிப் பாத்தா உள்ள செம்பழுப்பாக் கோடு ஓடியிருக்கும். இது மண்ணுல வாழுற ஒரு பூஞ்சைக் காளான். வந்த மரத்தக் காப்பாத்த மருந்து கெடையாது. மரம் போனாலும் காளானோட வித்து மண்ணுக்குள்ள பல பத்து வருஷம் உயிரோட கெடக்கும். அடுத்த ரஸ்தாளிக் கன்னோட வேருக்காகக் காத்துக்கிட்டிருக்கும். பூவன் இத ஓரளவு தாங்கும். அதனாலதான் எங்க பக்கம் ரஸ்தாளி சுருங்கிப் பூவன் நிக்குது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ரஸ்தாளி வேணும்னு நீங்க விலை குடுக்குறது, ஒரு விதத்துல இந்த ஆபத்துக்குக் குடுக்குற விலையும்தான்.

இந்தக் காளான் ஒரு நாட்டையே ஆட்டி வெச்ச கதையும் உண்டு. மத்திய அமெரிக்காவுல க்ரோ மிஷேல்னு ஒரு ரகம். ஒரு காலத்துல அமெரிக்கா, ஐரோப்பாவுல தின்ன வாழைப்பழம் பெரும்பாலும் அதுதான். பனாமா வாடல் தோட்டம் தோட்டமா அத அழிச்சுது. அங்க இருந்த கம்பெனிங்க ஹோண்டுராஸ் மாதிரி இடங்கள்ல ஒரு வழி பாத்தாங்க. நோய் விழுந்த தோட்டத்தச் சுத்திக் கரை போட்டு, மாசக்கணக்குல தண்ணியில முக்கி வெச்சாங்க. காத்து இல்லாத சேத்துல காளான் சாகும்ங்கற கணக்கு. கொஞ்ச காலம் பலன் இருந்துச்சு. ஆனா திரும்பவும் அதே ரகத்த அதே மண்ணுல வெச்சாங்க, நோயும் திரும்ப வந்துடுச்சு. 1960-கள்ல க்ரோ மிஷேல விட்டுட்டு கேவண்டிஷ் ரகத்துக்கு மாறினாங்க. நம்ம ஊர்ல ஜி9-ன்னு விக்குறது அந்தக் கேவண்டிஷ் குடும்பந்தான். இப்ப அதையும் தாக்குற டிஆர்4-ங்கற வகை வந்து, பீகார், உத்தரப்பிரதேசம் வரைக்கும் எட்டிப் பாத்துடுச்சு.

இதப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கோடிக்கணக்குல செலவு பண்ணித் தோட்டத்தத் தண்ணியில முக்கினாங்களே, அதத்தானே நாங்க சம்பா நடவுன்னு பண்ணிக்கிட்டிருக்கோம்! வாழை எடுத்த நிலத்துல சேறடிச்சு, நாலு மாசம் தண்ணி கட்டி நெல்லு வெச்சா, மண்ணுக்குக் காத்து கெடைக்காது, காளானுக்கு வேரும் கெடைக்காது. முழுசா அழிஞ்சுடும்னு சொல்லமாட்டேன். குறையும். கூடவே நூற்புழுவும் குறையும். வாழை வெச்ச நன்செய்ல நடுவுல நெல்லப் போட்டு மாத்துங்கன்னு விஞ்ஞானிங்களும் சொல்றாங்க. எங்க ஊர்ப் பெருசுங்களுக்குக் காளான் பேரு தெரியாது. "வாழைக்குப் பின்னாடி நெல்லு, நெல்லுக்குப் பின்னாடி வாழை"ன்னு மட்டும் தெரியும்.

அந்தச் சுத்து இப்படி. தை மாசம் சம்பா அறுப்பு. மாசி, பங்குனியில வாழைக் கன்னு. பதினொண்ணு, பன்னெண்டு மாசம் கழிச்சுத் தார். சிலர் மறுதாம்பு ஒண்ணு விடுவாங்க. அப்பறம் கிழங்கத் தோண்டி எடுத்துட்டு, தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ வெதச்சு, பூக்குற நேரத்துல மடக்கி உழுது, ஆவணியில சம்பா. இந்தச் சங்கிலியில எல்லாக் கண்ணியும் வாய்க்கால் தண்ணியிலதான் கோத்திருக்கு.

2012-லேர்ந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் மேட்டூர் ஜூன் 12-ல திறக்கல. சில வருஷம் ஆகஸ்ட், செப்டம்பர்னு இழுத்துச்சு. வாழைக்குப் போர் தண்ணி போதும், சொட்டு நீர்ல ஓட்டிடலாம். நெல்லுக்குப் போர் தண்ணியக் கட்டினா கட்டுப்படியாகாது, நிலத்தடியும் தாங்காது. அதனால நெறைய பேரு நெல்லு முறைய விட்டுட்டு மறுதாம்பு, அதுக்கு மறுதாம்புன்னு வாழையிலயே ஓட்டினாங்க. அவங்களக் குத்தம் சொல்ல முடியாது, கடன் தவணை ஆத்தப் பாத்தா வரும்? ஆனா அந்த எட்டு வருஷத்துல வாடல் விழுந்த வயல் எங்க தெருவுலயே கூடுச்சு. பக்கத்து வயல்லேர்ந்து கன்னு வாங்குறப்போ கிழங்கோட நோயும் வந்துச்சு. திசு வளர்ப்புக் கன்னு சுத்தமானது, சரிதான். அத நடுற மண்ணு சுத்தமா இருக்கணுமே.

2018 ஆகஸ்ட்ல ஆறு நெறைஞ்சு வந்துச்சு. கண்ணு குளிர்ந்துச்சுன்னு சொல்ல வந்த வாய மூடுறதுக்குள்ள, 1928-ல கட்டின பழைய கொள்ளிடம் பாலத்தோட தூண்கள் சாஞ்சுது. 22-ஆம் தேதி ராத்திரி முக்கொம்புல கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சு. காவிரிக்கு வரவேண்டிய தண்ணி கொள்ளிடத்துல இறங்கக் கூடாதுன்னு பாறாங்கல்லும் மணல் மூட்டையும் போட்டு அடைச்சாங்க. 180 வருஷம் கழிச்சு அதே இடத்துல மறுபடியும் கொறம்பு! அப்பறம் பக்கத்துலயே புதுசாக் கதவணை கட்டிட்டாங்க. ஆத்து மணல அள்ளி அள்ளி அடி இறங்கினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு ஊரே பேசிச்சு. 1840-ல அடி அரிச்சதும் பதறிப்போய்ச் சுவர் போட்டவங்க ஆவணத்த யாராவது எடுத்துப் படிச்சிருக்கலாம்னு எனக்குத் தோணுச்சு.

2020-ல ஜூன் 12 திரும்பி வந்துச்சு. 2022-ல மே 24-லயே திறந்தாங்க. 2024-ல ஜூலை 28 ஆயிடுச்சு. தேதிய நம்ப முடியாதுன்னு ஆனப்பறம் நானும் எங்க வீட்ல உள்ளவங்களும் உக்காந்து கணக்க மாத்தினோம். குறுவைய விட்டுட்டோம். எங்க மூணு ஏக்கர, அதாவது ஒன்பது மாவ, மூணாப் பிரிச்சு, எந்த வருஷமும் ஒரு பங்கு கட்டாயம் சம்பாவுல இருக்குற மாதிரி வெச்சோம். தண்ணி ஆகஸ்ட்ல வந்தாலும் சம்பாவுக்குத் தோதுதான். மூணுல ஒரு பங்குல வருமானம் கம்மி. எங்க சின்ன மாமா இதப் பாத்துட்டு, "மாப்ள, ஒரு பங்க ஆத்துக்குக் குத்தகைக்கு விட்டுட்டீங்க"ன்னார். தப்பில்ல, அப்படித்தான்.

ரஸ்தாளி நெல்லு நின்ன நிலத்துல மட்டும், ஒரே ஒரு முறை, மறுதாம்பு கெடையாது. கன்னு எங்க வயல்லயே நோயில்லாத மரத்துல எடுத்த ஈட்டிக் கன்னு. கிழங்கச் சீவிட்டு சூடோமோனாஸ் கரைசல்ல முக்கி வெக்கிறோம். வாடல் கண்ட மரத்தச் சுத்திக் காலடி படாமக் கயிறு கட்டி, அந்தப் பாத்தித் தண்ணி அடுத்ததுக்கு ஓடாம அடச்சு, மரத்த அங்கயே வெட்டிக் கொளுத்துறோம். மம்பட்டியக்கூடக் கழுவித்தான் அடுத்த பாத்திக்கு எடுத்துட்டுப் போறது. ஆளுங்க மொதல்ல சிரிச்சாங்க, இப்ப அவங்களே கழுவுறாங்க.

இந்த வருஷம் சம்பா முறை கிழக்கு மூணு மாவுக்கு. பூவன் தார் வெட்டி, கிழங்கெல்லாம் தோண்டியாச்சு. தக்கைப்பூண்டு முழங்கால் உசரம் நிக்குது. வாய்க்கால் தலைப்புல போன வாரம் ஆளுங்களச் சேத்து ஆகாயத்தாமரைய வாரிப் போட்டோம். தண்ணி வந்ததும் உழவு.