இழுத்துச் செல்லும் ராணுவ வண்டிக்குத் தனி விளக்கு ஏன்?

2016 ஆகஸ்ட் 26. முன்னாள் அதிபர் எஸ் ஆர் நாதனின் நல்லுடல் பீரங்கி வண்டியில் இறுதிப் பயணம் சென்றது. இரண்டாம் உலகப் போர்க்காலப் பீரங்கியை மாற்றியமைத்துச் செய்த வண்டி அது. தானாக ஓடாது, இன்னொரு வாகனம்தான் இழுக்கணும்.

அது பகல் நேரம், கூடவே பாதுகாப்பு அணி. ஆனால் பழைய ராணுவ வண்டி ஒன்றை இரவில் சிராங்கூன் சாலை வழியாக இழுத்துப் போனால்?

சிக்கல் என்ன?

இழுக்கும் வாகனத்தின் பின்விளக்குகளை வண்டி மறைத்துவிடும். பிரேக் போட்டது பின்னால் வரும் மோட்டார்சைக்கிளோட்டிக்குத் தெரியாது. சிங்கப்பூரில் இரவு 7 முதல் காலை 7 வரை வாகன விளக்குகள் எரிய வேண்டும்.

வண்டியின் சொந்த விளக்குகளை இணைக்கலாமா?

பெரும்பாலான கார்களில் 12 வோல்ட், பல ராணுவ வாகனங்களில் 24 வோல்ட். 24 வோல்ட் பல்புக்கு 12 கொடுத்தால் மங்கும். 12 வோல்ட் பல்புக்கு 24 கொடுத்தால் கருகிடும்.

வழி?

இழுக்கும் வாகனத்தின் வோல்ட்டுக்கு ஏற்ற தற்காலிக விளக்குப் பலகையை வண்டியின் பின்னால் இறுகக் கட்டணும். ஒயர் தரையில் உரசக் கூடாது, திருப்பத்தில் இழுபடவும் கூடாது.

புறப்படுமுன் ஒருவர் பின்னால் நின்று பிரேக், இடம், வலம் மூன்றையும் பார்க்கணும். இடமும் வலமும் மாறியிருந்தால், விளக்கே இல்லாததைவிட ஆபத்து.