போதையும் காலமும்: நிழற்படக் கலையின் சாட்சியம்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர், தமிழகத்தின் மதுவிலக்கு வரலாற்றோடு பிரிக்க இயலாதபடி இணைந்துவிட்ட ஊராகும். இவ்வூரில் 1895-இல் பிறந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை ஏற்றிருந்தார். இராஜாஜி 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, ஓமந்தூராரின் ஆட்சியில், 1948 அக்டோபர் 2-ஆம் நாள், மாகாணம் முழுமைக்கும் விரிவடைந்தது. ஓமந்தூரார் 1970-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1983-இல் மாநில வாணிபக் கழகம் தோன்றிற்று. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது.

சட்டத்தின் வரலாற்றை இவ்வாறு நாள் குறித்து எழுதிவிடலாம். போதைக்கு அடிமைப்பட்டவனின் வரலாற்றை அவ்வாறு எழுத முடிவதில்லை. அவன் வீழ்ந்த நாள் இன்னதென்று அவனாலும் சொல்லவியலாது. மெல்ல மெல்ல உடலையும் உறவையும் அரிக்கும் அந்த நெடுங்காலத்தை எந்த ஆவணம் பதிவு செய்யும்? கணப்பொழுதை மட்டுமே பிடிக்கும் நிழற்படத்திற்கு இப்பணி ஒவ்வாதது போலத் தோன்றலாம். எனினும், இதனை ஏற்றுச் செய்த கலைஞர்கள் சிலர் உளர்.

அமெரிக்கரான லாரி கிளார்க் 1971-இல் வெளியிட்ட ‘டல்சா’ என்னும் நூல் இவ்வகையில் முன்னோடியாகும். ஊசிவழிப் போதையில் ஆழ்ந்த தம் நண்பர்களை, தாமும் அப்பழக்கத்திற்கு ஆளாகியிருந்த அவர், 1963, 1968, 1971 என மூன்று பகுதிகளாகக் காட்டினார். முதற்பகுதியின் இளமை முகங்கள் இறுதிப் பகுதியில் இல்லை. ஊசி ஏற்றிக்கொள்ளும் கருவுற்ற பெண்ணும், சிறு சவப்பெட்டியில் கிடக்கும் மகவும் அதில் இடம்பெறுகின்றனர். ஒரு படம் சொல்லாததைப் படங்களுக்கிடையே கழிந்த ஆண்டுகள் சொல்லிவிடுகின்றன.

இந்தியாவில் இப்பொருளைத் தொட்டவர் பாப்லோ பார்த்தலோமியோ. கலை விமர்சகர் ரிச்சர்ட் பார்த்தலோமியோவின் மைந்தரான இவர் 1955-இல் டெல்லியில் பிறந்தார். ஏறத்தாழ இருபது வயதில், மார்ஃபின் போதைக்கு அடிமையானோரைப் பற்றி இவர் எடுத்த படவரிசை, உலகப் பத்திரிகை நிழற்படப் பரிசினை ஈட்டித் தந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் டெல்லி, பம்பாய், கல்கத்தா நகரங்களில் இவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் 2007-இல் பிரான்சின் ஆர்ல் நகரிலே காட்சிக்கு வைக்கப்பெற்றன. முப்பதாண்டுக்குப் பின் காணப்படும்போது, அன்றைய வாழ்வின் பதிவாய் இருந்தவை கழிந்த காலத்தின் ஆவணமாக மாறி நின்றன.

நான் கோல்டின் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் கதை மற்றொரு வகையினது. தம் நட்பு வட்டத்தின் காதலையும் போதையையும் 1986-இல் நூலாக்கிய அவர், பிற்காலத்தில் மருத்துவர் தந்த வலிநீக்கி மாத்திரைக்கே அடிமையாகி மீண்டார். 2017-இல் அம்மாத்திரை வணிகத்தால் செல்வம் பெற்ற சாக்லர் குடும்பத்தாருக்கு எதிராக இயக்கம் கண்டார். 2021-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அக்குடும்பப் பெயரைத் தன் காட்சிக்கூடங்களிலிருந்து அகற்றியது. சாட்சியாக நின்ற கலைஞரே வழக்காடவும் எழுந்தார் எனலாம்.

ஓமந்தூராரின் மண்ணுக்கு இது அயலார் கதையன்று. 2023 மே மாதம் இதே விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பகுதியில் நச்சுச் சாராயம் பத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2024 சூனில், முன்பு இம்மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில் மாண்டவர் அறுபதுக்கும் மேற்பட்டோர். நாளிதழ்கள் பிணங்களையும் கதறும் பெண்களையும் படமாக்கின. அவை இறுதி நாளின் படங்கள். அந்நாளுக்கு முந்தைய இருபது ஆண்டுகள் அவற்றில் இல்லை.

நம் வீட்டுச் சுவர்களும் அவ்வாறே. திருமணப் படம் ஒன்று தொங்கும். மாலையிட்ட படம் ஒன்று தொங்கும். குடித்தழிந்தவனின் வாழ்வு இவ்விரண்டிற்கும் இடையே கழிந்தது. அங்கே அடகுக்குப் போன தாலியும், பள்ளியை விட்டு நின்ற பிள்ளையும், வாசலில் விழித்திருந்த தாயும் உண்டு. படம் மட்டும் இல்லை. அவ்விடைக்காலத்தைப் பொறுமையோடு உடனிருந்து பார்த்தமையே மேற்சொன்ன கலைஞர்களின் பெருமை. ஒளிப்படக் கருவி புகாத அவ்வீடுகளுக்குள் சொல் புகமுடியும். கவிஞர்க்கு இதனினும் பெரிய பணி வேறுண்டோ?