இயந்திரமில்லாத இறக்கைகள்



நீங்கள் சைக்கிள் பழகிய முதல் நாளை நினைத்துப் பாருங்கள். மிதிக்கத் தெரிந்தால் மட்டும் போதவில்லை. சாயும்போது நிமிர்த்தவும், வளைவில் திருப்பவும் தெரியவேண்டியிருந்தது. அதற்குள் முழங்கால் இரண்டு தடவையாவது சிராய்த்திருக்கும். மனிதன் பறக்கப் பழகிய வரலாறும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் அங்கே விழுந்தால் உயிரே போய்விடும்.

ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் என்ற பொறியியலாளர் இருந்தார். 1891ஆம் ஆண்டு முதல், கிளைடர் எனப்படும் இயந்திரமில்லாத விமானங்களைத் தாமே செய்து, மேட்டிலிருந்து ஓடிவந்து, காற்றில் மிதந்து இறங்கினார். ஏறக்குறைய 2,000 தடவை பறந்தார். அவருடைய கிளைடரை அடக்க ஒரே வழிதான் இருந்தது. தொங்கிக்கொண்டே உடலை இப்படியும் அப்படியும் அசைக்க வேண்டும். 1896 ஆகஸ்ட் 9ஆம் நாள் கிளைடர் நிலைகுலைந்து விழுந்தது. மறுநாள் அவர் உயிர் நீத்தார்.

அமெரிக்காவில் டேட்டன் நகரில் சைக்கிள் செய்து விற்றுவந்த வில்பர் ரைட், ஓர்வில் ரைட் சகோதரர்களை அந்த மரணம் சிந்திக்க வைத்தது. இயந்திரம் பூட்டுவதற்கு முன், அடக்கி ஓட்டக் கற்கவேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

1900இல் கிட்டி ஹாக் என்ற கடற்கரை மணல்வெளியில், முதல் கிளைடரைப் பெரும்பாலும் பட்டம்போல் கயிற்றில் கட்டியே பறக்கவிட்டார்கள். காற்று இழுக்கும் விசையைத் தராசு கொண்டு அளந்தார்கள். 1901இல் செய்த பெரிய கிளைடர், கணக்குப் போட்ட அளவுக்கு மேலே தூக்கவில்லை. மனம் சோர்ந்தாலும் அவர்கள் விட்டுவிடவில்லை. ஊர் திரும்பி, நீண்ட பெட்டிக்குள் விசிறியால் காற்றைச் செலுத்தி, ஏறக்குறைய 200 சிறிய இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள்.

1902இல் செய்த கிளைடர் நன்றாகவே மிதந்தது. ஆனால் ஒரு குறை இருந்தது. தாழ்ந்த இறக்கையை உயர்த்த அதன் நுனியை முறுக்கினால், சில வேளை அது உயராமல், அந்தப் பக்கமே சுழன்று மணலில் குத்தியது. முறுக்கிய இறக்கையைக் காற்று அதிகமாகத் தடுத்துப் பின்னுக்கு இழுத்ததே காரணம். அசையாத வால் அந்தச் சுழற்சிக்குத் துணைபோனது. ஆகவே வாலைத் திரும்பும்படி மாற்றி, இறக்கையை முறுக்கும் கம்பியோடு இணைத்தார்கள். குறை தீர்ந்தது. அதன்பின் நூற்றுக்கணக்கான தடவை பறந்தார்கள். மிக நீண்ட பயணம் 622 அடிக்கும் சற்று அதிகம். 26 விநாடி நீடித்தது.

இப்படிப் பழகிய பிறகே இயந்திரம் பூட்டினார்கள். 1903 டிசம்பர் 17ஆம் நாள், ஓர்வில் 12 விநாடி பறந்தார். அந்தப் பன்னிரண்டு விநாடிக்குப் பின்னால் மூன்று ஆண்டுச் சோதனை இருந்தது.

மாணவச் செல்வங்களே, கணக்கு தப்பினால் உடனே அழித்துவிடாதீர்கள். எந்த வரியில் தப்பியது என்று பாருங்கள். பெற்றோர்களே, பிள்ளை தவறினால் திட்டுவதற்கு முன், எங்கே தடுமாறினாய் என்று கேளுங்கள். மணலில் குத்திய கிளைடரை ரைட் சகோதரர்கள் அப்படித்தான் கேட்டார்கள்.