ஓய்வில் கெடும் என்ஜின்: சிங்கப்பூர் இரவுச் சந்தைகள் விட்டுச்சென்ற பாடம்

சிங்கப்பூரின் மின்சார வரலாற்றைத் தேக்கா வட்டாரத்திலிருந்தே தொடங்கலாம். இன்றைய லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் இருக்கும் மெக்கன்ஸி ரோட்டில்தான் 1905இல் டிராம் வண்டிகளுக்கான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் ரோடு போன்ற இடங்களில் மின்விளக்குகள் எரிந்தன. 1927இல் செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம் வந்தது. 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைந்தது. கம்பி எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதாகவே இந்த வரலாறு வழக்கமாகச் சொல்லப்படுகிறது. கம்பி எட்டாத தெருவோரத்தில் தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுவந்த வியாபாரிக்கு அதில் இடம் குறைவு. அவர் கதையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒரு கையடக்க ஜெனரேட்டரை எப்படி அணைத்து, எப்படி வைப்பது என்பது இயந்திரத்தைப் பொறுத்தது மட்டுமன்று. அதற்கு ஊர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வேலை கொடுக்கிறது என்பதையும் பொறுத்தது. அந்த இடைவெளி நீண்டுவிட்டது. அதற்கேற்ப நம் பழக்கம் மாறவில்லை.

பாசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தைகள் 1950களிலும் 60களிலும் தீவெங்கும் பெருகின. பிரிட்டிஷ் படைமுகாம்களை ஒட்டிச் சம்பள நாட்களில் கூடிய சந்தைகளும் அவற்றில் உண்டு. கார்பைடு விளக்கும் மண்ணெண்ணெய் விளக்கும் எரிந்த கடைகளுக்குப் பிற்பாடு சிறு ஜெனரேட்டர்கள் வந்தன. சந்தை இன்று ஓரிடம், நாளை வேறோரிடம் என்று நகரும். இயந்திரமும் கூடவே நகரும். அப்படி ஓடும் என்ஜினில் எரிபொருள் தேங்க நேரமில்லை. இன்று ஊற்றியது இன்றோ நாளையோ எரிந்துவிடும். தினமும் சூடேறுவதால் உள்ளே படிந்த ஈரமும் ஆவியாகிவிடும். ஆகவே அன்றைய தேவைக்கு எளிய ஒழுங்கே போதும்: விளக்குகளின் சுமையை முதலில் எடுத்துவிட்டு, என்ஜினைச் சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, பிறகு நிறுத்துவது.

அணைப்பதன் நோக்கமே அடுத்த முறை கிளப்புவதுதான் என்பதற்கு மண்ணெண்ணெய் என்ஜின் நல்ல சான்று. தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் ஒரு தலைமுறைக்குப் பழக்கமான வகை அது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன்பே மறுபடியும் பெட்ரோலுக்குத் திருப்பிவிட வேண்டும். மறந்தால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் நின்றுவிடும். மறுநாள் குளிர்ந்த என்ஜின் அதில் கிளம்பாது, கயிற்றை இழுத்து இழுத்துக் கைதான் வலிக்கும்.

1968-69இல் அங்காடிக்காரர்கள் தீவு முழுவதும் பதிவு செய்யப்பட்டார்கள். 1971 முதல் 1986 வரை அவர்கள் படிப்படியாக உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். குப்பையும் போக்குவரத்து நெரிசலும் காரணமாக இரவுச் சந்தைகளும் 1978இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டன. பழைய தேக்கா சந்தையின் வியாபாரிகள் 1982இல் சாலைக்கு எதிர்ப்புறம் எழுந்த புதிய கட்டடத்துக்குப் போனார்கள். கடைக்குக் கம்பி வந்தது. அன்றாட வேலை இழந்த ஜெனரேட்டர் திருவிழாவுக்கும் தற்காலிகச் சந்தைக்கும் அவசரத்துக்கும் உரியதாயிற்று. ஓடித் தேய்ந்த இயந்திரம், நின்று கெடத் தொடங்கியது.

நின்றால் ஏன் கெடுகிறது? பெட்ரோலின் லேசான பகுதி சில வாரங்களிலேயே ஆவியாகத் தொடங்கும்; மிஞ்சுவது காற்றோடு சேர்ந்து பிசினாகும். கார்புரேட்டரின் ஜெட் துளையோ ஒரு மில்லிமீட்டர்கூட இராது. மெல்லிய பிசின் படலமே அதை அடைத்துவிடும். ஆண்டு முழுவதும் ஈரம் குறையாத சிங்கப்பூர்க் காற்றில் சிலிண்டருக்குள் துருவும் ஏறும். ஆகவே நீண்ட ஓய்வுக்கு முன் செய்ய வேண்டியவை வேறு. எரிபொருள் வால்வை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிட வேண்டும். பழைய ஆயிலில் எரிதலின் அமிலம் கலந்திருப்பதால், என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அதை வடித்துப் புதியதை ஊற்ற வேண்டும். நன்றாக ஆறியபின் டாங்கில் உள்ளதை உரிய கலத்தில் வடிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சிறிது ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்து அது சிலிண்டர் சுவரெங்கும் படரச் செய்ய வேண்டும். பிளக்கை மாட்டியபின், இழுவை இறுகும் இடம்வரை கயிற்றை இழுத்து அங்கேயே நிறுத்த வேண்டும். அந்நிலையில் சிலிண்டரின் இரு வால்வுகளும் மூடியிருக்கும், ஈரக்காற்று உள்ளே புக வழியில்லை.

மின்தடையே அரிதான ஊரில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் ஏறத்தாழ 1,46,000 இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றபோது, 38 நிமிடங்களில் அது திரும்பிவிட்டது. ஆனால் தடை அரிதாக இருப்பதே என் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் ஜெனரேட்டர் தானாகவே பயிற்சியில் இருக்கும். இங்கே அதற்கு ஓய்வே பெரும்பொழுது, எனவே அதைச் சரியாக ஓய்வெடுக்க வைப்பதே பராமரிப்பின் பெரும்பகுதி. நெடுநாள் ஓடாத ஜெனரேட்டரில், மின்சாரம் பிறக்க உதவும் எஞ்சிய காந்தமும் மங்கிப்போகலாம். அப்போது என்ஜின் ஓடும், விளக்கு எரியாது. அதற்காகவும் இடையிடையே சுமை கொடுத்து ஓட்டிப் பார்ப்பது நல்லது.

டாங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்தைக் கலந்து வைத்தால் போதுமே என்பது இன்னொரு மறுப்பு. அதில் உண்மை உண்டு. நிறைந்த டாங்கில் காற்றுக்கு இடமில்லாததால் துரு குறையும். சில மாத ஓய்வுக்கு அந்த முறை தகும். ஆனால் அது விசாலமான கொட்டகை உள்ளவருக்கு ஏற்ற யோசனை. லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீட்டில் பின்கட்டு குறுகலானது. ஒட்டியே அடுத்த கடை, மாடியில் ஆட்கள். 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடிழக்கச் செய்த ஊர் இது. நெருக்கமான குடியிருப்பில் ஒரு டாங்க் பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருப்பது இயந்திரத்தைக் காத்து மனிதரைப் பணயம் வைப்பதாகும். என்ஜின் புகையும் ஆபத்தானது: அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எனவே அணைப்பதற்கு முந்திய அந்தக் கடைசி ஓட்டமும் கட்டடத்துக்கு வெளியேதான் நடக்க வேண்டும்.

இரவுச் சந்தை வியாபாரிக்குத் தன் இயந்திரத்தை நாளைய இரவுவரை காத்தால் போதுமாக இருந்தது. இன்று அதை வைத்திருப்பவர் அடுத்த திருவிழாவரை, சில சமயம் வருடக்கணக்கில், காக்க வேண்டியிருக்கிறது. வாடகைக்கு விடுவோரும் விழா ஏற்பாட்டாளர்களும் ஓட்டிய மணிநேரத்தைக் கணக்கு வைப்பதுபோலவே, நிறுத்திய தேதியையும் எரிபொருளை வடித்த தேதியையும் எழுதி இயந்திரத்திலேயே ஒட்டிவைக்க வேண்டும். வேலை மாறிய கருவிக்கு விதியும் மாற வேண்டும். இங்கு அந்த மாற்றத்துக்கு ஏற்கெனவே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாகிவிட்டது.