எம்டன் வீட்டுப் பித்தளை

வத்திராயிருப்பில் அந்த வீட்டுக்குக் கதவு எண் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. தபால்காரரே "எம்டன் வீடா?" என்றுதான் திருப்பிக் கேட்டார். என்னை அங்கே அனுப்பியவர் ராஜபாளையத்து நண்பர் ஒருவர். போர்க்காலப் பொருள்கள் சேர்ப்பவர். "எம்டன் குண்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. ஒன்னேகால் லட்சம் சொல்றாங்க. பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு. நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டா முடிச்சிருவேன்" என்றார். பேப்பர் பக்காவாக இருக்கிறது என்று கேட்டதுமே எனக்கு வயிற்றைக் கலக்கும். நிஜமான பழம்பொருளோடு அநேகமாகப் பேப்பரே வராது.

எம்டன் என்றால் என்ன என்று தமிழனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் ஃபொன் முல்லரின் தலைமையில் அந்த ஜெர்மன் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. அரை மணி நேரத்துக்குள் நூற்றுச் சொச்சம் குண்டுகள். துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இன்றும் அதற்கொரு கல்வெட்டு உண்டு. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை ஒழித்துக்கட்டியது. கப்பல் போன பிறகும் பெயர் இங்கேயே தங்கிவிட்டது. "அவன் பெரிய எம்டன்" என்றால் ஆள் கில்லாடி, கிட்டே போனால் ஆபத்து என்று பொருள். பெயரோடு கதைகளும் ஒட்டிக்கொண்டன. புரட்சியாளர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்பது அவற்றில் பெரிய கதை. அந்த மாதம் அவர் இருந்ததோ சுவிட்சர்லாந்தில்.

வத்திராயிருப்புக்குப் போகிற வழியில் நண்பர் வீட்டில் காப்பி. அவர் ஏற்கெனவே ஏலத்தில் எடுத்து வைத்திருந்த 'எம்டன் மெடல்' ஒன்றைக் காட்டினார். அப்படி ஒன்று உண்மையிலேயே உண்டு. சிதைந்த கப்பலிலிருந்து 1915-இல் ஆயிரக்கணக்கில் மெக்சிகோ வெள்ளி நாணயங்களை எடுத்தார்கள். அவற்றில் ஓர் ஆயிரத்துக்கு மேலே கிரீடமும் தேதிப் பட்டையும் வைத்து, சிட்னி நகரத்து நகைக்காரர் கெர் மெடலாக்கிக் கொடுத்தார். அவற்றில் பல சிட்னி கப்பலின் மாலுமிகளுக்குப் போயின. பிறகு அதைப் பார்த்து வார்த்தவை எத்தனையோ. மெக்சிகோவின் எட்டு ரியால் நாணயம் தனியாகவே 27 கிராம் இருக்கும். கிரீடத்தோடு சேர்த்தால் இன்னும் கூட. நண்பர் பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்தார். 21 கிராம். முகப்பில் அம்மைத் தழும்பு போலச் சிறு புள்ளிகள். அச்சில் அடித்த நாணயத்தில் அவை வராது, வார்ப்பில்தான் வரும். அவர் ஒன்றும் பேசாமல் அதை மேசை இழுப்பறையில் போட்டுச் சாத்தினார். வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்வரை அந்த மௌனம் நீடித்தது.

வீட்டுக்காரப் பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். தரகர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். உள்ளேயிருந்து துண்டில் சுற்றிக் கொண்டுவந்து வைத்ததைப் பார்த்ததும் எனக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

பித்தளை. ஒரு சாணுக்குச் சற்று அதிகமான உயரம், பூச்சாடி போல வாய் திறந்த உருளை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளி போட்டுத் தேய்த்ததில் தங்கம்போல மின்னியது.

பித்தளை உருளை என்பது குண்டு அல்ல, வெடிமருந்து வைக்கிற கூடு. சுட்டதும் குண்டு பறந்துவிடும், கூடு பீரங்கியடியிலேயே விழும். எம்டனின் பித்தளைக் கூடுகள் எம்டன் தளத்தில்தான் உருண்டிருக்கும். சென்னையில் வந்து விழுந்தது இரும்பு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எம்டன் குண்டின் சிதறல் துண்டு இருக்கிறது. போய்ப் பார்த்தால் தெரியும், தாறுமாறாகக் கிழிந்த இரும்பு. யாரும் அதைப் புளி போட்டுத் தேய்க்க முடியாது. ஆக, சென்னைத் தெருவில் பொறுக்கியெடுத்த பித்தளைக் 'குண்டு' என்று யார் எதைக் காட்டினாலும் மேற்கொண்டு விசாரிக்கவே தேவையில்லை.

ஆனாலும் வந்த வேலையை முழுதாகச் செய்ய வேண்டுமே. வாயின் உள்விட்டத்தை அளந்தேன். ஏறக்குறைய 88 மில்லிமீட்டர். எம்டனில் இருந்த பத்துப் பீரங்கிகளும் 105 மில்லிமீட்டர். பிறகு கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தேன். புளி எழுத்துகளை மழுக்கியிருந்தது. அரிசி மாவைத் தடவித் துடைத்து, டார்ச்சை மேலேயிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்தால் பள்ளம் நிழல் காட்டும். '25 பி.ஆர்.' என்று ஆங்கிலத்தில் தெரிந்தது.

"இருபத்தஞ்சாவதா சுட்ட குண்டு சார்" என்றார் தரகர்.

அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பில்லை, நிஜமாகவே நம்பிச் சொல்கிறார். இருபத்தைந்து பவுண்டர் என்பது பிரிட்டிஷ் பீரங்கியின் பெயர், இரண்டாம் உலகப் போரில் களத்துக்கு வந்தது. எம்டன் காலத்தில் அது வரைபடத்தில்கூட இல்லை. நம் ராணுவம் அதை 1965-லும் 1971-லும் பயன்படுத்தியிருக்கிறது. அதன் காலிக் கூடுகள் குடை வைக்கவும் பூ வைக்கவும் இந்தியா முழுக்க வீடுகளில் நிற்கின்றன.

பெரியவரிடம் மெதுவாகக் கேட்டேன். "ஐயா, உங்க வீட்டுல பட்டாளத்துல யாராவது இருந்தாங்களா?"

"எங்க அண்ணன் இருந்தாரு. பீரங்கிப் படை. எழுபத்தி மூணுல பென்ஷன்ல வந்தாரு. டிரங்குப் பெட்டியில பித்தளைச் சாமான் நாலஞ்சு கொண்டாந்தாரு..." பாதியில் நிறுத்தி உருளையைப் பார்த்தார்.

இனி அந்தப் பக்கா பேப்பர். ஆங்கிலத்தில் தட்டச்சு, ஓரமெல்லாம் டீத்தண்ணீர்க் கறை. 1915-ஆம் ஆண்டு தேதி. மேற்படி குண்டு சென்னையில் கண்டெடுக்கப்பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன்வரை ரயிலிலும் பிறகு மாட்டுவண்டியிலும் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்குக் கொண்டுவரப்பட்டதாகச் சான்று. எழுதியவர் ஒரே வாக்கியத்தில் மூன்று குழியில் விழுந்திருக்கிறார். விருதுநகர் மாவட்டம் பிறந்தது 1985-இல். 1915-இல் இந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம், அதுவும் 1910-இல்தான் உருவானது. விருதுநகர் என்ற பெயரே 1923-இல் வந்தது, அதற்குமுன் விருதுபட்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத் தென்காசிப் பாதை திறந்தது 1927-இல். இல்லாத மாவட்டத்துக்கு, இல்லாத ஸ்டேஷனில் இறங்கி வந்த குண்டு! போர்ப்பொருள் வாங்குகிறவர்கள் உலோகத்தைப் பற்றி எவ்வளவோ படிக்கிறார்கள். ஜில்லா எப்போது பிரிந்தது, ரயில் எப்போது வந்தது என்று தெரிந்துகொண்டாலே பாதிச் சான்றிதழ்கள் கிழிந்துவிடும்.

தரகர் போன் பேசுவதுபோல எழுந்து போனவர் திரும்பவில்லை.

நண்பர் கிளம்பலாம் என்றார். எனக்கோ ஒன்று உறுத்தியது. அண்ணன் வந்தது 1973-இல். "ஐயா, 'எம்டன் வீடு'ன்னு எப்பத்திலிருந்து சொல்றாங்க?"

"எங்க தாத்தா காலத்துல இருந்தே. அவரைத்தான் எம்டன்னு சொல்லுவாங்க. மொத யுத்தத்துக்குப் போனவரு. ஹவில்தாரு."

தாத்தாவின் பொருள் ஏதாவது இருக்கிறதா என்றேன். பூஜை அலமாரியிலிருந்து குங்குமம் அப்பிய ஒரு வட்டத்தை எடுத்து வந்தார். "இது அய்யனாரு. இதைத் தரகரு கேக்கலை, நாங்களும் காட்டலை."

குதிரைமேல் ஒருவர், கையில் குட்டை வாள், குளம்படியில் கழுகு பொறித்த கேடயம். இருபுறமும் 1914, 1918. மறுபக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. முதல் போருக்காகக் கொடுத்த பிரிட்டிஷ் போர் மெடல். அய்யனார் என்று நினைத்ததில் குற்றமே இல்லை. எனக்கு மூச்சு நின்றது அதன் நிறத்தைப் பார்த்து. இந்த மெடல் வெள்ளியில் சுமார் 65 லட்சம் அடித்தார்கள். ஊர்நாட்டில் கொடுத்த வெள்ளி மெடல்கள் பல அடகுக்கடைக்குப் போய் உருகிக் கொலுசாகிவிட்டன. இதுவோ வெண்கலம். வெண்கலத்தில் சுமார் 1,10,000 மட்டுமே. துப்பாக்கி பிடிக்காதவர்களுக்கு, தொழிலாளர் படையினர், தண்ணீர் சுமப்பவர், துப்புரவாளர் போன்றோருக்குக் கொடுத்தது. உருக்கினால் காசு வராது என்பதாலேயே தப்பிப் பிழைத்தது. இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் தேடுவதும் இதைத்தான்.

ஓரத்தில் ஆள் பெயர் இருக்கும். பொய் நுழைவதும் அங்கேதான். சாதாரணப் பெயரை அரத்தால் ராவிவிட்டு வேறு பெயர், பெரிய பதவி அடிப்பார்கள். ராவினால் விட்டம் குறையும். சரியான மெடல் 36 மில்லிமீட்டர். அளந்தேன், சரியாக இருந்தது. ஓரம் வளைவில்லாமல் தட்டை. எழுத்துகள் ஒரே ஆழம். குங்குமத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன், தேய்க்கவில்லை. டார்ச்சைப் படுக்கவைத்து எழுத்துக்கூட்டினேன். ஓர் எண். பிறகு 'குக்'. பிறகு பெரியவரின் தாத்தா பெயர். கடைசியில் '2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.' பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட விக்டோரியா மகாராணியின் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், நம் மெட்ராஸ் சாப்பர்கள்.

"குக்னா?"

"சமையல்காரர் ஐயா."

பெரியவர் முகம் சற்று வாடியது. "ஹவில்தார்னுதான் சொல்லுவாங்க" என்றார். வெண்கல மெடலில் ஹவில்தார் என்று இருந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன் என்று விளக்கினேன். அது அவருக்கு ஆறுதலாகப் பட்டதாகத் தெரியவில்லை.

செல்போனில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலைத் தேடினேன். அந்த எண்ணும் பெயரும் இல்லை. இருக்கவும் கூடாது. அது போரில் இறந்தவர்களின் பட்டியல். தாத்தா திரும்பி வந்து, பெரியவர் நாலாம் வகுப்புப் படிக்கும்போது இதே வீட்டில் இறந்தவர். பஞ்சாபில் போருக்குப் போன 3,20,000 பேரின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2021-இல் கணினிக்கு வந்தன. வத்திராயிருப்புக்காரருக்கு அது உதவாது. அடுத்து எழும்பூர் ஆவணக் காப்பகமும் பெங்களூரும்தான்.

நண்பர் மெடலுக்கு விலை கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். நூறு வருஷம் கடந்த பொருள், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது, வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்புகிற நினைப்பிருந்தால் விட்டுவிடுங்கள் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். பெரியவர் எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. மெடலைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, சின்ன வயசுல எனக்கு ஒண்ணு புரியாது" என்றார் கடைசியில். "கோயில் கொடை, கல்யாணம், எந்த விசேஷம்னாலும் தாத்தா போய் அடுப்படியில நிப்பாரு. ராணுவத்துல இருந்த மனுசன் ஏன் கரண்டியோட நிக்காருன்னு நினைப்பேன். ரசத்துல உப்புக் கூடிப்போச்சுன்னா கரண்டியாலேயே அடி விழும். அவரு பந்தலுக்குள்ள நுழையும்போதே சமையக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லுவாங்க: ஏய், எம்டன் வருது, அண்டாவை மூடு."